நாலாவது பொட்டலம்

சாரல் விழும் மாதங்களில் என் கடையில் காலையில் முதல் வேலை, கம்ப்ரசர் தொட்டிக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்துவிடுவதுதான். ஊரெல்லாம் ஈரமாகக் கிடக்கும்போது கம்ப்ரசரும் ஈரக்காற்றைத்தான் இழுத்து அடைக்கிறது. தொட்டி குளிர்ந்ததும் அந்த ஈரம் தண்ணீராகி அடியில் தங்கிவிடும். திறந்தால் துரு கலந்து ஒரு சொம்பு வரும், சில நாள் இரண்டு சொம்பு. சாமி படத்துக்குப் பூ வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவேன். மேலகரத்தில் டயர் கடை போட்ட இத்தனை வருஷத்தில் இதை மறந்தது ஒரே ஒரு நாள்.

வடகரைக்காரர் ஒருவர், சவூதியில் வேலை பார்ப்பவர், லீவுக்கு வந்த இடத்தில் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். வாங்கிய கையோடு அதன் டயர்களைக் கழற்றிவிட்டு, காட்டுப் பாதையில் ஓட்டுகிற பெரிய டயர்களாக ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து மாட்டினார். நிறுத்தி வைத்தால் என் இடுப்பு உயரம் வரும். சுற்றிலும் கட்டை கட்டையாகப் பல். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தது. ஆனால் அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடத் தொடங்கிவிடும். முதலில் விரலுக்கு மட்டும் தெரிகிற ஆட்டம், எழுபதில் கையையே உதறுகிற ஆட்டம்.

டயர் என்பது பார்வைக்குத்தான் வட்டம். எங்கேயாவது ஓரிடத்தில் கொஞ்சம் கனம் கூடுதலாக இருக்கும். கார் டயருக்கு அதை மிஷினில் சுற்றிப் பார்த்து, எதிர்ப்பக்கத்தில் ஈயத் துண்டை ஒட்டிச் சரிசெய்வார்கள். இவருடைய டயரைத் தென்காசியில் எந்த மிஷினிலும் ஏற்ற முடியவில்லை. ஒரு கடையில் கண் அளவாக வரிசையாய் ஈயம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மேக்கரைப் பக்கம் சேற்றில் ஒரு தரம் இறக்கியதும் எல்லாம் பிய்ந்து போயிற்று. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு ஒரு வழி பாத்து வச்சிருக்கேன்," என்று போனை நீட்டினார்.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் டயருக்குள் ஒரு பொட்டலம் மணியைக் கொட்டி மூடிக்கொண்டிருந்தார். கடுகைவிடக் கொஞ்சம் சின்ன வெள்ளை மணிகள்.

"உள்ள போட்டா அங்கனயும் இங்கனயும் உருண்டுட்டுல்லா கெடக்கும்?" என்றேன்.

"மெதுவா போகும்போது உருளும். வேகம் எடுத்தா எந்தப் பக்கம் கனம் கொறைவோ அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கிடும். சில பேரு தண்ணி மாதிரி ஒண்ணு ஊத்துதான். அது ரிம்மத் தின்னுரும். இது சுத்தம். நாலு பொட்டலம் வரவழைச்சிருக்கேன், டயருக்கு ஒண்ணு."

அந்த மணிக்கு எந்தப் பக்கம் கனம் குறைவு என்று யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் ஒன்றைச் சொல்லும்போது, கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும்.

டயருக்குள் பாரம் ஏற்றுவது எனக்குப் புதிதில்லை. இலத்தூர், வடகரைப் பக்கம் உழவு தொடங்கும்போது டிராக்டர்களின் பின் டயருக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுப்பேன். முக்கால்வாசி தண்ணீர், மீதி காற்று. வயலில் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். ஆனால் அந்தப் பாரத்தின் வேலை சும்மா அமுங்கிக் கிடப்பது. இந்த மணிகள் ஓடி, தேடி, நிற்க வேண்டும். அன்று ராத்திரி வீட்டில் ஒரு வட்ட பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு பக்கத்தில் போல்ட்டை ஒட்டினேன். உள்ளே கடுகைப் போட்டு மூடி, டிரில் மிஷினில் மாட்டிச் சுற்றினேன். கை நடுங்கியது. பிறகு நடுக்கம் தானாகவே குறைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி சுற்றினேன். அப்போதும் குறைந்தது.

"கடுகு விக்கிற வெலைக்கு அத எடுத்துச் சுத்திக்கிட்டு கெடக்கிய," என்றாள் என் மனைவி. "அந்த மனுசன்ட்ட வெவரம் கேட்டாத்தான் என்னவாம்?"

அவர் சவூதி திரும்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் வண்டி வந்தது. டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பெயர்த்து, பொட்டலத்தைப் பிரித்து உள்ளே கொட்டி, காற்று அடைக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவரே வாசித்துச் சொன்னார்.

"ஈரம் படக் கூடாதுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. நனைஞ்சா கட்டியாயிருமாம்."

டயரின் உட்புறத்தைப் பழைய வேட்டியால் மூன்று முறை துடைத்தேன். ஓரம் வழுக்கி உட்கார எப்போதும் தடவும் சோப்புத் தண்ணீரைத் தொடவே இல்லை. மூன்று டயர் முடிந்தபோது கரண்ட் போயிற்று. இருட்டும் வரை வரவில்லை. முன்பக்கம் வலது டயர் மட்டும் பாக்கி. காலையில் விமானத்துக்குப் போகுமுன் வந்து அதை முடித்துக்கொள்ளலாம் என்று போனார்.

காலை ஆறு மணிக்கு நான் கடைக் கதவைத் தூக்கும்போதே ஜீப் வந்து நின்றது. பெட்டிகள், அவர், அவர் மனைவி, பின் சீட்டில் அவருடைய தாயார். திருவனந்தபுரத்தில் அவரை இறக்கிவிட்டு, மனைவிதான் வண்டியைத் திரும்ப ஓட்டி வர வேண்டும்.

"சீக்கிரம் தம்பி," என்றார் தாயார். "இவன் பிளேன விட்டான்னா பொறவு எந்தலைய உருட்டுவான்."

நான் நேராகப் போய் கம்ப்ரசர் சுவிட்சைத் தட்டினேன். டயரைக் கழற்றினேன், ஓரத்தைப் பெயர்த்தேன், துடைத்தேன், நாலாவது பொட்டலத்தைக் கொட்டினேன், காற்று அடைத்தேன், மாட்டினேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர் குற்றாலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்வந்தார். சீசன் கூட்டம். ஈரத்துண்டோடு நடுரோட்டில் நடக்கிறவர்களுக்கு நடுவே முப்பதுக்கு மேல் போக முடியவில்லை.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. சரிதான?"

"சரிதான்," என்றேன். கிளம்பிப் போனார்கள்.

எட்டரை மணிக்கு ஒரு வேன்காரர் காற்று பார்க்க வந்தார். குழாயை எடுத்து, தூசி போக ஒரு தடவை உள்ளங்கையில் ஊதிப் பார்த்தேன். கை நனைந்தது.

குனிந்து திருகைத் திறந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று முழுக்க மழை, கரண்ட் போகும் வரை வேலை. அத்தனையும் தொட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதில் ஒரு பங்கைக் காற்றோடு சேர்த்து அந்த டயருக்குள் நான் அடைத்து அனுப்பியிருக்கிறேன்.

மணிகள் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. மறுநாள் டயரைத் திறந்தபோது அப்படியேதான் இருந்தது: ஊறிய ஜவ்வரிசிபோல ஒரே இடத்தில் அப்பி, உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாக. ஓடித் தேடிச் சரிசெய்ய வேண்டியது ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், முன்பு இருந்த கோளாறைவிட அது பெரிய கோளாறு. அதுவும் முன் சக்கரத்தில், ஸ்டியரிங் பிடிக்கிற சக்கரத்தில்.

அவருடைய நம்பர் என் போனில் இருந்தது. எடுத்தேன். என்ன சொல்வது? 'தண்ணி எறங்கிருச்சு, மெதுவா போங்க' என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. கடைக்கும் எதிரே டீக்கடைக்கும் நடந்தேன். ஒரு டீயை வாங்கி ஆறவிட்டு வைத்துவிட்டு வந்தேன். ஓடுகிற சூட்டில் டயர் காய்ந்துவிடும் என்று கொஞ்ச நேரம் நம்பினேன். ஊருக்குப் போகிற நாளில் மனுசனைக் கலங்கடிக்க வேண்டாம் என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எழுந்து மறுபடி நடந்தேன்.

காலைச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, தூக்குவாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "என்னத்துக்கு இப்படிக் கெடந்து நடக்கிய? ஒரு எடத்துல நிக்க மாட்டியளோ?"

சொன்னேன்.

"அந்தப் பிள்ளையா திரும்ப ஓட்டிட்டு வருது?"

"ஆமா."

"நீங்க இன்னும் போன் பண்ணலையா?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே பண்ணினேன். மணி பத்தரை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் விமான நிலையத்துக்குள் போய்விட்டார். மனைவியின் நம்பர் என்னிடம் கிடையாது.

பைக்கை எடுத்துக்கொண்டு வல்லம், செங்கோட்டை வழியாக வடகரைக்குப் போனேன். எந்தத் தெரு என்று தெரியும், டிராக்டர் வேலைக்குப் போயிருக்கிறேன். வீடு பூட்டியிருந்தது. பூட்டியிருக்கும் என்று தெரிந்தேதான் போனேன். பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர், வயசாளி, அரிசியை அளந்துகொண்டே என்னைப் பார்த்தார். நான் பூட்டைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றேன்.

"யாருவே வேணும்?"

"இந்த வீட்டுல..."

"அவன் சவூதிக்குப் போயிட்டாம்லா."

"அவரத் தேடல. அவரு வீட்டுக்காரம்மா போன் நம்பரு வேணும்."

அவர் கை நின்றது. வெளியூர்க்காரன், கையெல்லாம் கிரீஸ், புருஷன் ஊருக்குக் கிளம்பிப் போன அன்றே வந்து ஒரு வீட்டுப் பெண்ணின் நம்பரைக் கேட்கிறான். என் காது சுடுவது எனக்கே தெரிந்தது.

"எதுக்கு?"

"டயருல மணி நனைஞ்சிட்டு."

"டயருல என்ன மணிவே? மாட்டுக்கா கட்டுதீரு?"

சாமான் வாங்க நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்போடு நான் பைக்கை எடுத்திருப்பேன். அன்று நிற்க வேண்டியிருந்தது. பெரிய டயர், ஆட்டம், பொட்டலம், கம்ப்ரசர், தண்ணீர் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். நடுவில் இரண்டு முறை எனக்கே குழம்பியது. அவர் பாதியைத்தான் கேட்டிருப்பார். 'ஸ்டியரிங்' என்ற சொல் வந்ததும் முகம் மாறிவிட்டது.

"நம்பரெல்லாம் தர மாட்டேன். நானே பேசுதேன்," என்று தன் போனில் தாயாரின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, அரிசி மூட்டையின் மேல் வைத்தார்.

"என்ன காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டது தாயாரின் குரல். பின்னால் இன்ஜின் சத்தம்.

"எங்கன வாரிய? வண்டி எப்படி இருக்கு?"

"பாலோடு தாண்டியாச்சு. வண்டியா? போகும்போது எம்மவன் ஓட்டுனான்லா, நெடுமங்காடு தாண்டி எழுவதுல வச்சு ஸ்டியரிங்கு கையவிட்டுத் துள்ளிட்டு. உயிரு போச்சுன்னு நான் கலிமாவே சொல்லிட்டேன். கேட்டா, ரோடு சரியில்லம்மாங்கான். டயரெல்லாம் அண்ணாச்சி பாத்துட்டாரு, அதுல ஒண்ணும் இருக்காதுங்கான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து அரிசி மூட்டையிடம் பேசினேன்.

"அம்மா, டயர் கடைக்காரன் பேசுதேன். ரோடு இல்ல. டயருதான். என் தப்பு. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

இன்ஜின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. போன் கை மாறியது.

"எந்த டயரு அண்ணே?" இது மருமகள்.

"முன்னால, வலது பக்கம். இங்கிருந்து நாப்பதுக்கு மேல போவாதீங்க. குளத்துப்புழையில டீக்கடை ஏதாவது பாத்து நில்லுங்க. பின்னால இருக்க ஸ்டெப்னிய முன்னால மாட்டணும். அதுல மணி போடல, அதனால இவ்வளவு மோசமா இருக்காது. நான் வாரேன்."

"அங்கருந்தா வாரீங்க?"

"வாரேன்."

புளியரையில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை என்று போகும் வழியெல்லாம் மழை. வேலைக்காக அதுவரை ஆரியங்காவைத் தாண்டியவன் இல்லை நான். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தபோது பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டேன். அது பின்னால் போய் மறைந்த பிறகும் உடனே கியர் போட முடியவில்லை.

குளத்துப்புழையில், ரப்பர் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை ஓரம் ஜீப் நின்றது. தாயார் குடையை விரித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருமகள் பர்தாவின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, ஸ்பானரின் மேல் ஏறி நின்று நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். ஐந்தில் மூன்று தளர்ந்திருந்தது.

"விடுங்கம்மா," என்று வாங்கிக்கொண்டேன். ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைத் தூக்கினேன். கையால் சுற்றிப் பார்த்தபோதே கனமான பக்கம் கீழே போய் நின்றது. மறுபடி சுற்றினால் மறுபடி அங்கேயே.

மருமகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எப்ப அண்ணே தெரிஞ்சுது?"

'இப்பத்தான்' என்று சொல்லியிருக்கலாம். அது வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

"எட்டரை மணிக்கு."

"எட்டரைக்கு நாங்க நெடுமங்காட்டுல இட்லி தின்னுட்டு இருந்தோம்," என்றார். "அதுக்கு அப்புறந்தான் அவுக எழுவதுல போனாக. அவுக நம்பரு இருந்துச்சுல்லா?"

"இருந்துச்சு."

"பொறகு?"

"எப்படிச் சொல்லன்னு தெரியல."

"டயரு சரியில்லன்னு சொல்றதுக்கு என்ன தம்பி, நோட்டீசா அடிக்கணும்?" என்றார் பெஞ்சிலிருந்து மாமியார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை இறுக்கி, மறுபடி ஒரு சுற்று இறுக்கினேன். கழற்றிய டயரைப் பின்னால் ஏற்றிக் கட்டினேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரியாயிட்டும்மா. அம்பதுக்குள்ள போங்க," என்றேன்.

"காலையிலயும் சரின்னுதான் சொன்னீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. வாடகை வண்டிக்காரரிடம் வழி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நீங்க சொன்னதாலதான் அவுக ரோட்டக் கொறை சொன்னாக. எனக்கு இது டயரு ஆட்டமா, ரோடு ஆட்டமான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ஒங்களுக்குத்தான் தெரியும். ஏறுங்க அண்ணே. முன்னால ஒக்காருங்க."

"பைக்கு..."

"வண்டி இவிட இருக்கட்டே," என்றார் டீக்கடைச் சேட்டன், யாரும் கேட்காமலே.

ஏறினேன். வேறு வீட்டுப் பெண் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து நான் போனதே இல்லை. கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டேன். முப்பது. நாற்பது. ஒரு கையைக் கதவில் வைத்தேன், ஒரு காலைத் தரையில் அழுத்தினேன். ஆட்டம் முதலில் அங்கேதான் தெரியும்.

"ஆடுதா?"

"இல்ல."

தென்மலைக்கு முன்னால் கொஞ்சம் நேரான ரோடு. ஐம்பது. முள் ஐம்பதைத் தாண்டியது. பாதத்துக்கு அடியில் மெல்லிசாக ஒரு அதிர்வு வந்தது. ரோடாக இருக்கலாம். நன்றாகத் தெரியட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"கொறைங்க," என்றேன். குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பின்னால் மாமியார் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார்.

அவர் உடனே குறைத்தார். "டயரா?"

"டயரு மாதிரி இருந்துச்சு. ரோடாவும் இருக்கலாம். நாப்பத்தஞ்சுலயே போங்க."

"சரி."

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். இங்கே பள்ளம், இது ரோட்டு ஆட்டம், பயப்பட வேண்டாம். இங்கே நாற்பது. இந்த வளைவில் பிரேக்கை முன்னாலேயே பிடிங்க. இப்போது இடது பக்கம் லேசாக இழுக்கிறது, அது காற்று வித்தியாசம். ஆரியங்காவு வரும்போது தொண்டை காய்ந்துவிட்டது. சந்தேகமாக இருந்ததையும் சந்தேகம் என்று சொன்னேன்.

"அவர வாய மூடச் சொல்லு, கண்ண மூட விடமாட்டேங்காரு," என்றார் மாமியார்.

"அவரு பேசட்டும் மாமி," என்றார் அந்தப் பெண், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கீழே புளியரை வயல்கள் தெரிந்தன. இறக்கம் தொடங்கியது. "ரெண்டாவது கியருக்கு வாங்க," என்றேன்.